அன்பர் செய்தால் பாவமும் அறமாகுமா? சித்தியார் செய்யுள் ஒன்றும் ஒரு பழைய கேள்வியும்

மண்ணியாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் செல்லும் சைவ சித்தாந்த வகுப்பில் இப்போது சிவஞான சித்தியார் நூலின் சுபக்கம் (சைவத்தின் சொந்தக் கொள்கையை நிறுவும் பகுதி) பாடமாக நடக்கிறது. அதில் அண்மையில் வந்த ஒரு செய்யுள் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது.

அரனடிக் கன்பர் செய்யும் பாவமும் அறம தாகும்
பரனடிக் கன்பி லாதார் புண்ணியம் பாவ மாகும்
வரமுடைத் தக்கன் செய்த மாவேள்வி தீமை யாகி
நரரினிற் பாலன் செய்த பாதகம் நன்மை யாய்த்தே

தக்கனின் பெருவேள்வி சிவபெருமானை விலக்கி நடந்ததால் தீமையாயிற்று. சிறுவன் ஒருவன் செய்த பாதகமோ நன்மையாக முடிந்தது என்கிறார் அருணந்தி சிவாசாரியார். அந்தச் சிறுவர் சேய்ஞலூர் விசாரசருமர், பின்னாளில் சண்டேசுர நாயனார். பெரியபுராணம் படித்தவர்கள் கதையை அறிவார்கள். மண்ணியாற்றங்கரையில் ஆத்தி மரத்தடியில் மணலால் இலிங்கம் அமைத்து, தாம் மேய்க்கும் பசுக்களின் பாலால் அவர் திருமஞ்சனம் ஆட்டுகிறார். ஊராரின் புகாரைக் கேட்ட தந்தை எச்சதத்தன் குரா மரத்தில் ஏறி ஒளிந்திருந்து பார்க்கிறான். இறங்கி வந்து கோலால் முதுகில் அடிக்கிறான். பூசையில் ஒன்றியிருந்த மகனுக்கு அடி உறைக்கவே இல்லை. சினம் தலைக்கேறிய தந்தை பாற்குடத்தைக் காலால் இடறிக் கவிழ்க்கிறான். மகன் அருகில் கிடந்த கோலை எடுக்க, அது மழுவாக மாறித் தந்தையின் கால்களைத் துணித்துவிடுகிறது. அவன் வீழ்ந்து மடிகிறான், பூசை தொடர்கிறது. இறைவன் தோன்றி, இனி உனக்குத் தந்தை நாமே என்று அருளிக் கொன்றை மாலையைச் சூட்டுகிறார். கங்கைகொண்ட சோழபுரத்தில் அந்தக் காட்சியைச் சிற்பமாகப் பார்க்கும்போது இறைவனுடைய கையின் கனிவில் மனம் கரைந்துவிடுவதால், கால் இழந்தவனை நாம் நினைப்பதில்லை.

வகுப்பில் ஒருவர், “இறைவன் ஏற்றுக்கொண்டதால் அது நன்மை, அவன் ஏற்பதுதான் நன்மைக்கு இலக்கணம்” என்றார். இன்னொருவர், “பூசைக்கு இடையூறு செய்தவனைத் தண்டித்தது உள்ளபடியே நியாயம், நியாயமாக இருந்ததால்தான் இறைவன் ஏற்றான்” என்றார். இரண்டும் ஒன்றே என்று சொல்லி ஆசிரியர் அடுத்த செய்யுளுக்குச் சென்றுவிட்டார். எனக்கு அவை ஒன்றாகத் தோன்றவில்லை. முதல் விடையை ஏற்றால் தந்தையைக் கொல்லுதல், பொய், களவு என எதுவும் இறைவனின் ஒரு சொல்லில் அறமாகிவிடலாம். இரண்டாவதை ஏற்றால், எது நியாயம் என்பது இறைவன் ஏற்பதற்கு முன்பே முடிவாகியிருக்கிறது. நான் நாள்தோறும் பூசை செய்பவன். நம்பிக்கையைக் குறை கூறுவதற்காக இதைக் கேட்கவில்லை. கடவுளையே அறத்துக்கு அடிப்படையாகக் கொள்பவர்கள் இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அல்லது மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறதா என்று படித்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழஞ்சுவடி எழுதியது:

ஐயா, உங்கள் வகுப்பில் எழுந்த கேள்வி கிரேக்கத்தில் ஏறத்தாழ இதே வடிவில் எழுந்தது. பிளேட்டோவின் யூதிஃப்ரோ என்ற உரையாடல் கி.மு. 399இல் நடப்பதாக அமைக்கப்பட்டது. தம்மீது தொடுக்கப்பட்ட வழக்குக்காக ஏதென்ஸ் நகர அதிகாரியின் மன்றத்துக்கு வந்த சாக்ரடீஸ், அங்கே தம் சொந்தத் தந்தைமீது கொலை வழக்குத் தொடுக்க வந்திருக்கும் யூதிஃப்ரோவைச் சந்திக்கிறார். நக்சோஸ் தீவிலிருந்த அவர்களுடைய நிலத்தில் கூலியாள் ஒருவன் குடிவெறியில் வீட்டு அடிமையைக் கொன்றுவிட்டான். யூதிஃப்ரோவின் தந்தை அந்தக் கூலியாளின் கைகால்களைக் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, என்ன செய்வது என்று சமய அறிஞரிடம் கேட்டுவர ஏதென்சுக்கு ஆள் அனுப்பினார். அந்த ஆள் திரும்பி வருவதற்குள் கட்டுண்டவன் பசியாலும் குளிராலும் இறந்துவிட்டான். சமயத்திடம் விடை கேட்டுக் காத்திருந்த வேளையில் ஒருவன் செத்துப்போனான் என்ற இந்தச் செய்தியைப் பலரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த உரையாடலிலேயே கூர்மையான இடம் அதுதான்.

தந்தைமீதே வழக்கா என்று உறவினர்கள் சீறும்போது யூதிஃப்ரோ கடவுளைத் துணைக்கு அழைக்கிறார்: தெய்வங்களின் தலைவனான சூஸ் தன் தந்தை குரோனசை விலங்கிடவில்லையா என்கிறார். அப்படியானால் தெய்வங்களுக்கு உகந்தது எது என்று பேச்சு நகர்கிறது. அப்போது சாக்ரடீஸ் கேட்கிறார்: ஒரு செயல் புனிதமானது என்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா, தெய்வங்கள் விரும்புவதால் அது புனிதமாகிறதா? புனிதமானது என்பதால்தான் விரும்புகின்றன என்று யூதிஃப்ரோ ஒப்புக்கொள்கிறார். ஆனால் புனிதம் என்றால் என்ன என்பதற்குக் கடைசிவரை நிலையான விடை சொல்லாமல், வேலை இருக்கிறது என்று விலகிச் சென்றுவிடுகிறார்.

இறைவன் ஏற்பதே நன்மை என்ற, உங்கள் வகுப்பில் எழுந்த முதல் விடையின் சிக்கலை மிகச் சுருக்கமாகச் சொன்னவர் ஜெர்மானிய மெய்யியலாளர் லைப்னிட்ஸ். அவர் நாத்திகர் அல்லர். 1686இல் எழுதிய மெய்யியல் உரையில் அவர் கேட்பது இதுதான்: கடவுளின் விருப்பத்தைத் தவிர நன்மைக்கு வேறு அளவுகோல் இல்லையென்றால், அவர் செய்ததற்காக அவரை ஏன் புகழ வேண்டும்? நேர்மாறாகச் செய்திருந்தாலும் அதே புகழுக்குத்தானே உரியவர் ஆகியிருப்பார்? அந்த நிலையில் ‘இறைவன் நல்லவன்’ என்ற சொற்றொடருக்கு ‘இறைவன் தான் விரும்பியதை விரும்புகிறான்’ என்பதற்கு மேல் பொருள் இல்லை. பக்தியை உயர்த்திப் பிடிக்க வந்த கோட்பாடு, பக்தன் சொல்லும் துதிகளையே வெறுமையாக்கிவிடுகிறது.

நீங்கள் காட்டிய செய்யுளையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்பர் செய்யும் பாவம் அறமாகும் என்று சொல்வதற்கு, முதலில் அது பாவம் என்று தெரிந்திருக்க வேண்டும். தந்தையைக் கொல்லுதல் பாதகம் என்பதை அருணந்தியார் எந்த அளவுகோலைக் கொண்டு கூறினாரோ, அந்த அளவுகோல் அன்பும் அருளும் குறுக்கிடுவதற்கு முன்பே அங்கே இருக்கிறது.

நியாயமாக இருந்ததால்தான் இறைவன் ஏற்றான் என்ற இரண்டாவது விடையால் கடவுள் சிறுத்துவிடுகிறார் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் மிகையானது என்று எனக்குத் தோன்றுகிறது. அறத்தை முழுமையாக அறிந்தவர், அதில் ஒருபோதும் பிறழாதவர் என்ற பெருமை கடவுளுக்கு மிஞ்சுகிறது. ஆனால் ‘கடவுள் இல்லாவிட்டால் அறம் இல்லை’ என்ற வாதத்தை அதன்பின் யாரும் முன்வைக்க முடியாது.

திருநெறி எழுதியது:

பழஞ்சுவடி அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை மறுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் முதல் விடையைச் சித்தாந்தத்தின் விடையாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்) மட்டுமன்றிப் பசுவும் (உயிர்) பாசமும் (உயிரைப் பிணிக்கும் தளை) அநாதி. கன்மம், அதாவது வினை, பாசத்தில் அடங்கும். ஆகவே, நல்வினைக்கு நற்பயன், தீவினைக்குத் தீப்பயன் என்ற முறை இறைவன் ஒருநாள் உட்கார்ந்து இயற்றிய சட்டம் ஆகாது. வினை அறிவற்ற சடம் என்பதால் செய்தவனைத் தேடித் தானாக வந்து அடைய அதனால் இயலாது. அதைக் கூட்டுவிப்பவன் இறைவன். சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திரம், இருவினைக்கு ஏற்ப உயிர்கள் போக்கு வரவு புரிவதை இறைவனின் ஆணையோடு சேர்த்துச் சொல்கிறது. வேதாந்திகளுக்கும் இந்தச் சிக்கல் தெரியும். ஒருவனை இன்பத்திலும் ஒருவனைத் துன்பத்திலும் வைக்கும் கடவுள் ஓரவஞ்சனை உடையவர் அல்லரா, இரக்கமற்றவர் அல்லரா என்ற ஆட்சேபத்துக்கு வேதாந்தத்தின் மூலநூலான பிரம்மசூத்திரம் 2.1.34 விடை கூறுகிறது: அவர் உயிர்களின் வினையை நோக்கியே படைக்கிறார். நெல்லுக்கும் பார்லிக்கும் மழை பொதுக்காரணம், வேறுபாடு வித்தில் இருக்கிறது என்று சங்கரர் அங்கே உரை எழுதுகிறார். கடவுள்மீது அநீதிக் குற்றம் சுமத்த முடியும், அதற்கு விடை சொல்லும் கடமையும் உண்டு என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதான் இப்படி ஒரு சூத்திரம் பிறக்கும். கடவுள் செய்வதெல்லாம் நியாயம் என்று நினைத்திருந்தால் சூத்திரகாரர் ஒரே சொல்லில் முடித்திருப்பார்.

செய்யுளின் பொருளுக்கு வருகிறேன். விசாரசருமருக்கு எந்த ஆணையும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வானத்திலிருந்து குரல் கேட்கவில்லை, கனவும் இல்லை. இறைவன் தோன்றுவது செயல் முடிந்த பிறகு. ஆகவே, செய்யுள் அளவுகோலாக வைப்பது இறைவனின் கட்டளையை அன்று, செய்பவனின் அன்பைத்தான். மூன்றாவது வழி இருக்கிறதா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்த மூன்றாவது வழி இதுவே: நன்மை இறைவனின் விருப்பத்திலும் இல்லை, அவனுக்கு வெளியிலும் இல்லை, அவனுடைய இயல்பாகவே இருக்கிறது. அன்பும் சிவமும் இரண்டு என்பவரை அறிவிலார் என்கிறார் திருமூலர். அமெரிக்க மெய்யியலாளர் இராபர்ட் ஆடம்ஸ் 1973இல் எழுதிய கட்டுரையில் ஏறத்தாழ இந்த இடத்துக்கு வருகிறார்: அன்பே உருவான கடவுளின் ஆணைதான் கடமையை உண்டாக்கும், கொடுமையைக் கொடுமைக்காகவே விதிக்கும் கடவுளுக்கு அந்த உரிமை இல்லை. எச்சதத்தனும் பிழை நீங்கிச் சிவலோகம் அடைந்தான் என்று சேக்கிழார் பாடுவதை மறந்துவிட்டு இந்தக் கதையைக் கொலைக்கதையாக மட்டும் படிப்பது சரியாகாது.

கருப்பு அங்கி எழுதியது:

நான் குற்றவியல் வழக்குகள் நடத்துபவன். மெய்யியலில் முறையான பயிற்சி இல்லை. ஆனால் திருநெறி அவர்களின் ‘செய்பவனின் அன்பே அளவுகோல்’ என்ற வாசிப்பு, இறைவனின் கட்டளையே அறம் என்னும் கட்டளைக் கோட்பாட்டைவிட ஆபத்தானது என்று எனக்குப் படுகிறது. கட்டளை என்றால் அது எழுத்தில் எங்கேனும் இருக்க வேண்டும், அதைப் பற்றி நான்கு பேர் வாதாடலாம். ஒருவனின் நெஞ்சில் இருக்கும் அன்பை யார் அளப்பது? அந்தக் கதையில் அளப்பதற்கு இறைவனே நேரில் வந்துவிடுகிறார். அவர் அன்று ஆத்தி மரத்தடிக்கு வராமல் போயிருந்தால் செயலும் அதேதான், அன்பும் அதேதான்; சேய்ஞலூர் மக்கள் அந்தச் சிறுவனை என்ன செய்திருக்க வேண்டும்? செய்யுளை அப்படியே எடுத்துக்கொண்டால் அறவோன் என்று வணங்கியிருக்க வேண்டும். உங்கள் வகுப்பில் ஒருவராவது அதற்கு உடன்படுவாரா?

சட்டம் இந்தக் கேள்வியைத் தனக்கே உரிய முறையில் தீர்த்து வைத்திருக்கிறது. கடவுள் சொன்னதால் கொன்றேன் என்று ஒருவர் கூண்டில் நின்று கூறினால், கடவுள் உண்மையிலேயே சொன்னாரா என்று எந்த நீதிபதியும் விசாரிப்பதில்லை. மனநலக் குறைவால், தம் செயலின் தன்மையையோ அது தவறு அல்லது சட்டத்துக்கு எதிரானது என்பதையோ அறிய முடியாத நிலையில் அவர் இருந்தாரா என்பதுதான் கேள்வி. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 84ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 22ஆம் பிரிவு. தெய்வ ஆணை என்ற வாதம் செயலை நியாயமாக்குவதாக இங்கே கொள்ளப்படுவதில்லை. அதிகபட்சம் செய்தவரின் மனநிலைக்குச் சான்றாகலாம். கோயிலுக்கும் மசூதிக்கும் தேவாலயத்துக்கும் செல்லும் நீதிபதிகளே இதை ஒரு தயக்கமும் இல்லாமல் பின்பற்றுகிறார்கள். அவர்கள் நம்பிக்கையில் குறைந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1798இல் வெளிவந்த நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் ஆபிரகாமுக்கு ஒரு மறுமொழி எழுதித் தருகிறார். மகனைப் பலியிடு என்ற குரலுக்கு அவர் இப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்பது காண்டின் கருத்து: என் நல்ல மகனைக் கொல்லக் கூடாது என்பது எனக்கு உறுதியாகத் தெரியும், பேசுகிற நீ கடவுள்தான் என்பது எனக்கு உறுதியில்லை. எந்தக் குரல் கடவுளுடையது என்று பிரித்தறிய நாம் கையில் எடுப்பதே நம் அறவுணர்வைத்தான். அந்த உணர்வை அந்தக் குரலிடமிருந்தே பெற்றோம் என்று பிறகு சொல்வது பொருந்தாது.

கடவுளின் இயல்பே நன்மை என்ற மூன்றாம் வழிக்கும் இதே தடை உண்டு. அன்பு அவருடைய இயல்பாக இருப்பதால் அன்பு நல்லதா, அன்பு நல்லது என்பதால் அந்த இயல்பைப் போற்றுகிறோமா? கேள்வி ஒரு படி உள்ளே தள்ளிப்போனது, அவ்வளவுதான். ஆடம்ஸ் ‘அன்பே உருவான’ என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டி வந்ததே, அன்பின் சிறப்பு அவருக்கு முன்பே தெரியும் என்பதைக் காட்டுகிறது.

காயல் வாசகன் எழுதியது:

இந்த விவாதம் நம்பிக்கையாளருக்கும் நாத்திகருக்கும் இடையிலானது என்ற எண்ணம் சிலருக்கு இருக்கலாம் என்பதால் ஒரு குறிப்பு மட்டும் தருகிறேன். இஸ்லாமியக் கலாம் (இறையியல் விவாத) மரபில் இதே கேள்வி பல நூற்றாண்டுகள் விவாதிக்கப்பட்டது. வஹீ (இறைவெளிப்பாடு) வருவதற்கு முன்பே அநீதி தீயது என்பதைப் பகுத்தறிவால் அறியலாம் என்றனர் முஃதஸிலாக்கள் என்ற பிரிவினர். 1025இல் மறைந்த அப்துல் ஜப்பார் அவர்களுள் பெரும் அறிஞர். நன்மை தீமை என்பன இறை ஏவலாலும் விலக்கலாலும் மட்டுமே நிலைபெறும் என்றனர் அவர்களை மறுத்த அஷ்அரிகள். இரு தரப்பினரும் ஐவேளை தொழுதவர்கள். தமிழ் முஸ்லிம்களில் பலர் அகீதாவில் (இறைக்கொள்கையில்) அஷ்அரி வழியினர்தாம். ஆனாலும் நடைமுறையில், அல்லாஹ் அநீதி இழைக்கமாட்டான் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும்போது, அநீதி என்றால் என்ன என்பதை முன்னரே அறிந்தவர்களாகவே பேசுகிறார்கள் என்று நான் கருதுகிறேன்.

மண்ணியாற்றங்கரை எழுதியது:

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. கடவுளின் விருப்பத்தால் மட்டும் ஒரு செயல் அறமாவதில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் மறுபக்கம் எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. அறம் கடவுளைச் சார்ந்தது இல்லையென்றால், யாரும் பார்க்காத இடத்தில், எந்தப் பயனும் வராத நிலையில், நான் ஏன் அதற்குக் கட்டுப்பட வேண்டும்? ‘செய்யலாம்’ என்பது ‘செய்தே ஆக வேண்டும்’ என்று எப்படி ஆகிறது?

முல்லைக்கொடி எழுதியது:

ஐயா, உங்கள் இரண்டாவது கேள்விதான் கடினமானது. கடவுள் மறுப்பாளர்கள் அதைச் சற்று இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். எலிசபெத் ஆன்ஸ்கோம் என்ற ஆங்கிலேய மெய்யியலாளர், தீவிரக் கத்தோலிக்கர், 1958இல் எழுதிய கட்டுரையில் இதை நேராக எடுத்துவைத்தார். கடப்பாடு என்ற கருத்து, கடவுள் சட்டம் இயற்றுபவர் என்ற நம்பிக்கையிலிருந்து வந்தது. நம்பிக்கையைக் கைவிட்டவர்கள் அந்தக் கருத்தை மட்டும் பழக்கத்தால் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. சட்டம் இயற்றுபவர் இல்லாத சட்டம் சாத்தியமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. வேத விதிகளை ஆராய்ந்த மீமாம்சகர்கள் அப்படி ஒன்றைத்தான் கட்டினார்கள். தருமம் வேத விதியால் மட்டுமே அறியப்படுவது, வேதமோ யாராலும் இயற்றப்படாதது. படைத்தவன் ஒருவன் உண்டு என்பதை அவர்களுள் ஒருவரான குமாரில பட்டர் வாதிட்டு மறுத்தார். ஆயினும் அங்கேயும் ‘விதித்திருப்பதால் செய்’ என்பதற்கு அப்பால் காரணம் கேட்க முடியாது என்பதால், கடவுளை நீக்கியும் முதல் விடையின் குறை அப்படியே தங்கிவிட்டது.

கடப்பாட்டைக் கட்டளையாக மட்டுமே எண்ணுவதுதான் நம்மை இந்த முட்டுச்சந்தில் நிறுத்துகிறது என்று நான் கருதுகிறேன். வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடும் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், ‘இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்’ என்கிறார் (புறநானூறு 134). மறுமைப் பயனுக்காகக் கொடுப்பதை வணிகம் என்று பெயரிட்டு ஒதுக்கியபின் அவர் சொல்லும் காரணம், சான்றோர் சென்ற நெறி என்பதே. அந்தக் காரணம் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். முழுமையாகப் போதும் என்று நானும் சொல்லமாட்டேன், ஏனென்றால் சான்றோர் யார் என்பதை முடிவு செய்யவும் ஓர் அளவுகோல் வேண்டும். ஆனால் யாரும் பார்க்காத இடத்திலும் ஒருவர் ஏன் ஈகையைக் கைவிடுவதில்லை என்பதற்கு, தண்டனை பற்றிய அச்சத்தைவிட இது நேர்மையான விடை.

அதே புறநானூற்றில் 194ஆம் பாட்டு இருக்கிறது. ஒரு வீட்டில் சாப்பறை, ஒரு வீட்டில் மணமுழவு. ஒருத்தி பூச்சூடியிருக்கிறாள், இன்னொருத்தியின் கண்ணில் நீர். இதைப் பார்த்த பக்குடுக்கை நன்கணியார், இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்கிறார். படைத்தவன் இல்லை என்று அவர் கூறவில்லை. படைத்தவனையே நிறுத்துப் பார்க்கும் தராசு தம் கையில் இருப்பதாக அவர் கருதியதுதான் இங்கே நமக்கு வேண்டிய செய்தி. வள்ளுவரும் கடவுள் வாழ்த்தோடு நூலைத் தொடங்கியவர்தான். இருந்தும் ‘மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று’ (222) என்று ஈகையை மேலுலகத்திலிருந்து தனியே பிரித்து நிறுத்திவிட்டார்.

திருநெறி எழுதியது:

222ஆம் குறளுக்குப் பரிமேலழகர் உரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் அம்மா. ஈந்தவர்க்கு மேலுலகம் இல்லை என்று சொல்பவர் இருந்தாலும் ஈதலே நன்று என்று பொருள் கொண்டு, அப்படிச் சொல்பவர் உண்மையில் இல்லை என்பதையும் அவர் சுட்டுகிறார். வள்ளுவர் மேலுலகத்தை மறுத்தார் என்று இந்தக் குறளைக் காட்டி மேடைகளில் பேசுவது அத்துமீறல்.

முல்லைக்கொடி எழுதியது:

மறுத்தார் என்று நானும் எழுதவில்லை ஐயா. பரிமேலழகர் சொல்வதுபோல அது ஒரு கற்பனை நிலையாகவே இருக்கட்டும். மேலுலகம் உண்டு என்று உறுதியாக நம்பும் ஒருவர், அது இல்லாத நிலையைக் கற்பனை செய்து பார்த்து, அந்த நிலையிலும் ஈதல் நன்று என்று கண்டால், அவர் காணும் நன்மை மேலுலகத்தைச் சார்ந்து நிற்கவில்லை என்றுதான் ஆகிறது. இதை ஏற்பதற்கு அவர் தம் நம்பிக்கையில் ஓர் அணுவும் இழக்க வேண்டியதில்லை. மண்ணியாற்றங்கரை ஐயா தம் பூசையை வைத்தும் இதே சோதனையைச் செய்து பார்க்கலாம்.